மாத்தணும், மாத்தியாச்சு

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஆவியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கத்தி, கத்தரி, இடுக்கிகளையெல்லாம் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கித் தருகிற அறையில் அவளுக்கு இருபத்தோரு வருஷ வேலை. புதிதாகச் சேர்ந்த யாராவது அந்தப் பெயரைக் கேட்டு முழித்தால், "பயப்படாதீங்க, கால் தரையிலதான் இருக்கு," என்று செருப்புக் காலால் தரையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவாள்.

அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கச் சுவரில் அழுக்கான கருவிகள் வந்து இறங்குகிற ஜன்னல். எதிர்ப் பக்கத்தில் சுத்தமானவை வெளியே போகிற ஜன்னல். நடுவில் பீரோ உயரத்துக்கு இரண்டு ஆட்டோகிளேவ் மெஷின்கள். வந்தவற்றைக் கழுவி, துடைத்து, பட்டியல் பார்த்து ட்ரேயில் அடுக்கி, துணியில் சுற்றி, மேலே கோடு போட்ட டேப்பை ஒட்டி, உள்ளே தள்ளிக் கதவை இறுக்க வேண்டும். நீராவி சரியாக ஏறியிருந்தால் டேப்பின் கோடுகள் கறுத்துவிடும். கறுக்காத கட்டு ஒன்றைக்கூட அவள் வெளி ஜன்னலைத் தாண்ட விட்டதில்லை. மேலே தியேட்டரில் நிற்கிற பெரிய டாக்டர்களுக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் கட்டின் மூலையில் அவள் போடுகிற கோழிக்கிறுக்கல் கையெழுத்து தெரியும். அதைப் பார்த்தால் மறுபேச்சில்லாமல் பிரிப்பார்கள்.

காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணிவரை அவளுடைய ஷிப்ட். இரண்டு மணிக்கு வருகிறவள் அவளைவிட எட்டு வயது சின்னவள், வாய் மட்டும் எட்டு வயது பெரியது. மத்தியான ஷிப்டையே வருஷக்கணக்காகப் பார்த்ததில் அவளுக்கு 'மத்தியானம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. "மத்தியானம் இன்னும் வரலையா?" என்று யாராவது பன்னிரண்டரை மணிக்குக் கேட்பார்கள், யாரும் சிரிக்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு பழகிப்போன பெயர்.

இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொள்வது ஷிப்ட் மாறுகிற அந்தப் பத்து நிமிஷம்தான். எந்த மெஷின் முரண்டு பிடிக்கிறது, எந்த ட்ரே பாக்கி, தியேட்டரில் யாருக்குக் கோபம் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வாய்வழியாகவே கைமாறிவிடும். இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது.

பிறகு ஆஸ்பத்திரியின் நிர்வாகம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் அறைக்கு அறை ஒரு கனத்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். அந்தந்த ஷிப்டில் நடந்ததை அந்தந்த ஆளே அதில் இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மெஷின் கம்பெனிக்காரர்களும் வெளியிலிருந்து வருகிற தர ஆய்வுக்காரர்களும் படிப்பார்களாம்.

ஆவியம்மா பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியவள். பரீட்சைக்கு ஒரே ஒரு கடிதத்தை மட்டும் நெட்டுருப் போட்டுக்கொண்டு போயிருந்தாள். காய்ச்சலுக்காகத் தலைமையாசிரியரிடம் லீவு கேட்கிற கடிதம். கேள்வித்தாளிலோ, சிநேகிதியைச் சுற்றுலாவுக்கு அழைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் அசரவில்லை. சிநேகிதிக்கே காய்ச்சலைச் சொல்லி லீவு கேட்டுவிட்டு வந்துவிட்டாள். திருத்தியவர் இரக்கப்பட்டு ஏதோ போட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து இங்கிலீஷோடு அவளுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

ஆனால் வார்த்தைகள் மட்டும் அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. டோர், ரப்பர், பிரஷர், லோடு, லீக், டேப், ட்ரே, கிளீன், செக். அவள் கை படுகிற எல்லாப் பொருளுக்கும் இங்கிலீஷ் பெயர்தான். அவற்றை ஒன்றோடொன்று கோக்கத்தான் தெரியாது. ஆகவே நோட்டில் வார்த்தைகளை அப்படியே வரிசையாகக் கொட்டிவிடுவாள். 'மெஷின் ஒன் லோடு ஃபோர் ஓகே.' 'ட்ரே செவன் கத்தரி நோ.' மத்தியானமும் அதே பாஷையில்தான் பதில் எழுதினாள். எழுத்தில் விட்டதைப் பேச்சில் பிடித்துக்கொண்டதால் ஒரு வருஷம் பழுதில்லாமல் போயிற்று.

அந்த வாரம் இரண்டாம் மெஷினின் கதவு ரப்பர் நைந்து போயிருந்தது. கதவைச் சுற்றி வளையமாக ஓடுகிற அந்த ரப்பர்தான் நீராவியை உள்ளே அடக்கி வைப்பது. ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெடிப்பு. புது ரப்பர் ஸ்டோரில் வந்து கிடந்தது. மாட்டுவதற்கு மெக்கானிக் சாயங்காலம்தான் வருவார். வழக்கமான நாளாக இருந்தால் மத்தியானத்திடம் நேரிலேயே சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவளுடைய கணவருக்குக் கண் பரிசோதனை. அவர் தையற்காரர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று ஆறு மாதமாக இழுத்தடித்து, ஒருவழியாக டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தார். கண்ணில் மருந்து விட்டால் தனியாக வீடு திரும்ப முடியாது. அவள் அந்த அறைக்குப் பொறுப்பான மேட்ரனிடம் சொல்லிவிட்டு இருபது நிமிஷம் முன்னதாகவே கிளம்பினாள். கிளம்புமுன் நோட்டில் எழுதினாள்: 'மெஷின் டூ டோர் ரப்பர் சேஞ்ச்.'

மத்தியானம் வந்தாள், படித்தாள், ரப்பர் மாற்றியாகிவிட்டது என்று நினைத்தாள், மெஷினில் லோடு ஏற்றி ஸ்விட்சைப் போட்டாள். பிரஷர் ஏறி முக்கால் பங்கு வந்தபோது கதவோரத்தில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்துக் கையை நீட்டினாள். வெடிப்பின் வழியே கம்பி மாதிரி வந்த ஆவி முன்கையில் அடித்தது. அலறிக்கொண்டே மறுகையால் அவசர ஸ்விட்சை அமுக்கிவிட்டாள்.

ஆவியம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. கணவர் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனில் மேட்ரனின் குரல் வந்தது. "காயம் பெருசில்ல. கட்டுப் போட்டிருக்கோம். நாளைக்கு வந்ததும் என்னை வந்து பாருங்க."

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"என்னால ஒருத்தி கை வெந்துபோச்சுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எழுதிய வரியை மனசுக்குள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். தமிழில் யோசித்தபோதுதான் அவளுக்கே விளங்கியது. மாத்தணும், மாத்தியாச்சு, மாத்தாதே, மாத்துறாங்க. நடந்ததா, நடக்கவேண்டியதா என்பதெல்லாம் அந்தச் சொல்லின் வாலில்தான் இருக்கிறது. அவள் வாலை நறுக்கிவிட்டுத் தலையை மட்டும் அனுப்பியிருந்தாள்.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு மத்தியானம் வேலைக்கே வந்துவிட்டாள். மணிக்கட்டுக்கு மேலே உள்ளங்கை அளவு வெந்திருந்தது. கொப்புளம் இருந்தது, ஆழமில்லை, தழும்புகூட நிற்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபிறகுதான் ஆவியம்மா அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சிரு. நான் மாத்தணும்னுதான் எழுதினேன்."

"எனக்கு மாத்தியாச்சுன்னு கேட்டுச்சுக்கா," என்றாள் மத்தியானம். "விடு. நாலு நாளைக்கு வீட்ல பாத்திரம் கழுவ வேண்டாம். அவரே கழுவறாரு. நீ முன்னாடியே எழுதியிருக்கலாம்."

ஆவியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மேட்ரன் கண்டிப்பானவர், அநியாயக்காரர் இல்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். "இது யார் தப்பு? எழுதினவங்க தப்பா, படிச்சவங்க தப்பா?"

"என் தப்பு மேடம்," என்றாள் ஆவியம்மா.

"நான் ஒருதடவை கதவைப் பாத்திருக்கணும் மேடம்," என்றாள் மத்தியானம்.

"இப்படி ஆளாளுக்கு வாங்கிக்கிட்டா நான் மேலே என்னன்னு அனுப்பறது?" என்றார் மேட்ரன். பிறகு ஆவியம்மாவிடம் ஒரு தாளை நீட்டினார். மெமோ. மூன்று நாளைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், அதுவும் இங்கிலீஷில். விளக்கம் சரியில்லையென்றால் இரண்டு பேரில் ஒருவரை அந்த அறையிலிருந்து தூக்கி வேறு வேலையில் போட்டுவிடுவார்கள் என்று மேட்ரன் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் கணவர் யோசனை சொன்னார். "சாரின்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இங்கிலீஷ்ல அதைவிட நல்ல வார்த்தை கிடையாது."

"விளக்கம் கேட்டிருக்காங்க."

"வெரி சாரின்னு எழுது."

மறுநாள் டீ இடைவேளையில் அவள் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்ட்டருக்குப் போனாள். அங்கே இருக்கிற பார்மசிஸ்ட் முப்பத்தைந்து வயதுக்காரர். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவர் என்பதால் அவருக்குத் தெரியாத இங்கிலீஷ் உலகத்தில் இல்லையென்று அந்தக் கட்டடம் முழுக்க ஒரு நம்பிக்கை. மெமோவைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானே," என்று மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஐந்தே நிமிஷத்தில் ஒரு விளக்கத்தை எழுதித் தந்தார். வரிகள் ஆறு. ஒவ்வொன்றும் ரயில் மாதிரி நீளம்.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லிடுங்க. நாளைக்குக் கேட்டா நான் முழிக்கக் கூடாது."

அவர் படித்துச் சொன்னார். 'ரப்பர் மாற்றப்பட்டுவிட்டதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது' என்ற இடத்தில் அவள் நிறுத்தினாள்.

"யாரால புரிஞ்சுகொள்ளப்பட்டது?"

"அதைத்தான் சொல்லாம விட்டிருக்கேன். அதுதான்மா இதுல அழகே."

"அந்த அறையில இருக்கறதே ரெண்டு பேரு. எழுதினது நான். அப்போ புரிஞ்சுகிட்டது யாருன்னு சுவத்துக்குக்கூடத் தெரியும். அவளைப் புடிச்சுக் குடுக்கற மாதிரி இருக்கே தம்பி."

பார்மசிஸ்ட் தலையைச் சொறிந்தார். "உங்களைக் காப்பாத்தத்தாம்மா அப்படி எழுதினேன்."

"தெரியுது. ஆனா வேண்டாம். எனக்கு ஒரு நாலு வரி நானே எழுதணும். சின்ன வரியா இருந்தாப் போதும். எப்படின்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

அவர் சொன்னது சுருக்கமானதுதான். தமிழில் எது எங்கே கிடந்தாலும் பரவாயில்லை, கடைசியில் வினை வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கும். இங்கிலீஷில் அந்தச் சலுகை கிடையாது. முதலில் யார் என்று சொல்லணும். சொன்ன கையோடு என்ன செய்தார் என்று சொல்லிவிடணும். அப்புறம்தான் எதை, எங்கே, எப்போது. வினை இல்லாமல் ஒரு வரியும் நிற்காது. அந்த வினையிலேயே நேற்றா, இன்றா, நாளையா என்பது தெரிந்தாக வேண்டும்.

"இவ்வளவுதானா?" என்றாள் அவள், நம்ப முடியாமல்.

"இன்னும் இருக்கு. ஆனா உங்க நாலு வரிக்கு இது போதும்."

கவுன்ட்டரிலிருந்து அடித்தளத்துக்கு இறங்கிவரும்போது அவளுக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. இத்தனை வருஷமும் இங்கிலீஷ் என்பது பிறவியிலேயே சிலருக்கு வாய்ப்பது, மற்றவர்களுக்கு வராது என்றே அவள் நினைத்திருந்தாள். அதற்கு ஒரு முறை உண்டு, ஒழுங்கு உண்டு, சரியா தப்பா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. முறையுள்ள வேலை எதற்கும் அவள் பயந்தவள் இல்லை.

கை சரியாகும்வரை மத்தியானத்தால் ட்ரே தூக்க முடியாது. அதனால் ஆவியம்மா தன் ஷிப்ட் முடிந்தபிறகும் நாலு மணிவரை இருந்து கனமான வேலையை முடித்துக் கொடுத்தாள். மெஷின் ஓடுகிற நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்போது அவள் டேப்பைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை எழுதி மேஜையில் ஒட்டினாள். ஐ. ஷி. த மெஷின். எழுதுகிற ரைட். எழுதிய ரோட். லீக். சேஞ்ச். வில். டிட். நாட். துண்டுகளை இப்படியும் அப்படியும் மாற்றி ஒட்டி, இரண்டு பேரும் படித்துப் பார்த்தார்கள். சந்தேகம் வந்தால் மத்தியானம் மேலே ஓடிப்போய் மருந்துக் கவுன்ட்டரில் கேட்டுவிட்டு வருவாள். ஒரே நாளில் ஏழு தடவை போனாள். எட்டாவது தடவை பார்மசிஸ்ட் அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

அவர்களைப் படாதபாடு படுத்தியது எஸ் என்கிற ஒரே ஒரு எழுத்து. த மெஷின் லீக்ஸ் என்று எழுத வேண்டும், த மெஷின்ஸ் லீக் என்று எழுத வேண்டும்.

"ஒரு மெஷின்னா எஸ் கிடையாது, ரெண்டு மெஷின்னா எஸ் உண்டுன்னுதானே சொன்னாங்க? இங்க ஒரு மெஷினுக்கு எஸ் வந்து உக்காந்திருக்கு, ரெண்டு மெஷினுக்குக் காணோம்," என்றாள் ஆவியம்மா.

"அது மெஷினோட எஸ் இல்லக்கா. லீக்கோட எஸ்."

"லீக்குக்கு எதுக்கு எஸ்?"

மத்தியானம் கட்டுப் போட்ட கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு துண்டுகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எஸ் எழுதிய துண்டைப் பிய்த்து மெஷின் பக்கத்தில் ஒட்டினாள். மறுபடி பிய்த்து லீக் பக்கத்தில் ஒட்டினாள். "அக்கா, இங்க பாரு. இவங்ககிட்ட இருக்கறது ஒரே ஒரு எஸ்தான். ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர்தான் வெச்சுக்கலாம். மெஷின் எடுத்துக்கிட்டா லீக்குக்குக் கிடையாது. மெஷின் எடுத்துக்கலைன்னா லீக்குக்குக் குடுத்துடணும்."

ஆவியம்மா நர்ஸை வைத்துப் பார்த்தாள், டாக்டரை வைத்துப் பார்த்தாள், லிஃப்டை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தப்பவில்லை. "அடியே, உன்னைப் போய் ட்ரே கழுவ விட்டிருக்காங்களே," என்றாள். அந்த விதியைக் கேள்விப்பட்டதும் பார்மசிஸ்ட் தன் பள்ளிக்கூடத்தில் இப்படி யாராவது சொல்லியிருந்தால் எத்தனை அடி மிச்சமாகியிருக்கும் என்று வருத்தப்பட்டார்.

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு விளக்கம் தயாராயிற்று. நாலே வரி. குறிப்பை நான்தான் எழுதினேன். ரப்பரை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இனிமேல் முழு வாக்கியமாக எழுதுவேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் யார், அடுத்து என்ன என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். பார்மசிஸ்டிடம் காட்டவில்லை. காட்டினால் ரயிலாக்கிவிடுவார் என்று பயம்.

இரண்டு மணிக்கு வந்த மத்தியானத்துக்கு மூன்றாம் வரியைப் படித்துச் சொன்னாள். "அதுல என்னைப் பத்தி எதுக்குக்கா?" என்றாள் அவள்.

"நடந்தது அதானே."

மேட்ரன் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"யார் எழுதிக் குடுத்தது?"

"நானே எழுதினேன் மேடம்."

"இதுல ஒரு தப்பு இருக்கு."

தூக்கி வேறு வேலையில் போடப்போகிறார்கள் என்றே ஆவியம்மா நினைத்தாள். மேட்ரன் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டாவது வரியில் ஒரே ஒரு சொல்லைச் சுழித்தார். "ஐ டிட் நாட் செட்னு எழுதியிருக்கீங்க. ஐ டிட் நாட் சேன்னு வரணும். டிட்லயே நேத்துன்னு வந்தாச்சு. அடுத்த சொல்லுக்கு இன்னொரு நேத்து வேண்டாம்."

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

"இதுவும் ஒருத்தர்தான் வெச்சுக்கணுமா!" என்று அவள் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். மேட்ரனுக்குப் புரியவில்லை. எஸ் துண்டின் கதையை அவள் சொன்னாள். மேட்ரன் சிரித்ததை அந்த ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் குறைவு. ஆவியம்மா அன்றைக்குப் பார்த்தாள்.

பிறகு மேட்ரன் தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டே, "யாரையும் எங்கேயும் மாத்தல. இந்த விளக்கம் போதும்னு நான் எழுதி அனுப்பிடறேன். ஆனா இது மறுபடி நடக்கக் கூடாது. என்ன செய்யலாம்?" என்று கேட்டார். இருபத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நோட்டில் இரண்டு கட்டம் போட்டுவிடலாம், செய்தாயிற்று என்பதற்கு ஒன்று, செய்ய வேண்டும் என்பதற்கு ஒன்று என்றாள். வாக்கியம் தடுமாறினாலும் கட்டம் தடுமாறாது. அடுத்த மாதம் அச்சடித்து வந்த நோட்டில் அந்த இரண்டு கட்டங்களும் எல்லா அறைகளுக்கும் இருந்தன.

விளக்கம் கொடுத்த அன்றைக்கு அவள் படியேறி வெளியே வந்தபோது கணவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். புதுக் கண்ணாடி வந்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டுவிட்டார்.

"சாரின்னு எழுதினியா?"

"ஒரு இடத்துலகூட எழுதல."

"அப்புறம் எப்படி விட்டாங்க?"

"நடந்ததை எழுதினேன். விட்டுட்டாங்க," என்றாள். வீடுவரைக்கும் நடந்தே போனார்கள். இரண்டு பஸ் பின்னாலேயே வந்து தாண்டிப் போயின, அவளுக்கு ஏறத் தோன்றவில்லை. மூன்று நாளாக இறங்காத சாப்பாடு அன்றைக்கு இரண்டு தட்டு இறங்கியது. உட்கார்ந்தவாக்கிலேயே தூங்கிப்போனாள்.

நோட்டில் எழுதுவதை அவள் விடவில்லை. கட்டத்தில் டிக் போட்டால் போதும் என்றபோதும் பக்கத்தில் ஒரு முழு வாக்கியம் எழுதினாள். ஆரம்பத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு டீ ஆறிப்போகும் அளவு நேரம் பிடித்தது. தப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. 'த' எங்கே வரும், 'ஏ' எங்கே வரும் என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சந்தேகமான இடங்களில் ஒரு வாரம் போட்டும் ஒரு வாரம் போடாமலும் பார்த்தாள். மத்தியானம் எழுதியதில் இவள் அடிக்கோடு போட்டாள், இவள் எழுதியதில் அவள் போட்டாள். தர ஆய்வுக்கு வந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு, இந்த அறையில் எது நடந்தது எது நடக்கவில்லை என்பது தெளிவாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். அதையும் இரண்டு பேரும் சேர்ந்து எழுவாய், பயனிலை பார்த்துப் படித்தார்கள்.

எழுதினாளே தவிர வாய் திறந்து பேசியதில்லை. அதற்கான சந்தர்ப்பம் ஒரு முற்பகலில் தானாக வந்தது. முதலாம் மெஷினில் பிரஷர் முள் நடுங்கிக்கொண்டே இருந்தது. லோடு பாதியில் இருந்தும் அவள் துணிந்து மெஷினை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குத் தகவல் சொல்லும்படி ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினாள். கால் மணி நேரத்தில் அறையின் போன் அடித்தது. எடுத்தால், எங்கோ தூரத்தில் இருக்கிற கம்பெனியின் இன்ஜினியர், தமிழ் தெரியாதவர். மேட்ரன் ரவுண்ட்ஸில் இருந்தார். பார்மசிஸ்டைக் கூப்பிட்டு வர நேரமில்லை. மெஷின் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அந்தக் குரல் இங்கிலீஷில் கேட்டது.

முன்பென்றால் அவள் போனை மேஜைமேல் கிடத்திவிட்டு யாரையாவது தேடி ஓடியிருப்பாள். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். யார், என்ன செய்தார். மெஷின், ஓடிக்கொண்டிருந்தது. நான், நிறுத்தினேன்.

"இட் வாஸ் ரன்னிங்," என்றாள். மூச்சு விட்டுக்கொண்டாள். "ஐ ஸ்டாப்டு இட்."

"குட்," என்றது அந்தக் குரல், சர்வசாதாரணமாக. நாளைக் காலை ஆள் வருவார், அதுவரை மெஷினைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வைத்துவிட்டார். திரும்ப என்ன என்று கேட்கவில்லை. யாரையாவது கொடுங்கள் என்று கேட்கவில்லை.

ஆவியம்மா போனை வைத்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றாள். நின்றுபோன லோடை வெளியே எடுத்தாள். டேப்பின் கோடுகள் அரைகுறையாகக் கறுத்திருந்தன. கட்டுகளையெல்லாம் பிரித்து, மறுபடி சுற்றி, புது டேப் ஒட்டி, இரண்டாம் மெஷினில் ஏற்றினாள். தியேட்டருக்கு அரை மணி தாமதமாகும் என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பினாள். பிறகு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போனாள், வெயில் விழுகிற ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.